மார்கழியில் மலை, தையில் மண்டபம்: கேமராக்காரர்கள் செய்யும் தப்புகள்

கொங்குப் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்துவிட்டால் சாப்பிடக்கூட நேரமிருக்காது. அதனால் ஊர்சுற்றலை எல்லாம் பனிக்காலத்துக்குள் திணித்துக்கொள்வோம். தப்பு நடப்பது அந்தத் திணிப்பில்தான்.

என்னுடைய பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் ஒருநாள் வால்பாறையில் இருந்தேன். மறுநாள் விடிகாலை ஈரோட்டுப் பக்கம் முகூர்த்தம். ராத்திரி போய்ச் சேர்ந்தால் போதும் என்று சாயங்காலம் கிளம்பினேன். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு, பனி, முன்னால் ஊர்ந்துபோகும் லாரி. மண்டபத்துக்குள் நுழைந்தபோது இணைச்சீர் முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் அருமைக்காரர் (கொங்குக் கல்யாணச் சடங்குகளைச் செய்துவைக்கும் பெரியவர்) நடத்திவைக்கும் சீர் அது. தாலி கட்டும் படத்துக்கு அடுத்து அதைத்தான் தேடுவார்கள். மாப்பிள்ளையின் அமுச்சி (அம்மாவின் அம்மா) ஆல்பத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு, “ஏங்கண்ணு, இணைச்சீரு போட்டோ எங்க?” என்றார். அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது மலை இறங்குவதற்கும் வேலைக்கும் நடுவில் ஒரு முழுநாள் விடுகிறேன். பத்திரிகையில் முகூர்த்த நேரம்தான் இருக்கும். எந்தச் சீர், எத்தனை மணிக்கு, யார் வீட்டில் என்பதை அருமைக்காரரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது ஈரம். ஊட்டியில் விடிகாலை உறைபனியைப் படமெடுத்துவிட்டு, குளிர் தாங்காமல் நேராக அறைக்குள் ஓடி கேமராவை மேசையில் வைப்போம். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே நீர் பூப்பதுபோல, குளிர்ந்த கேமராமீதும் அறையின் ஈரக்காற்று நீராகப் படியும். லென்ஸுக்குள் போனால் பின்னாளில் பூஞ்சை பிடிக்கும். வெளியே நிற்கும்போதே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடுங்கள். அறைக்குள் வந்தபிறகு ஒருமணி நேரமாவது திறக்கக்கூடாது. பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்! நனைந்த கேமராவை அரிசியில் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம், அரிசித்தூசி உள்ளே போகும். மாற்று பேட்டரி சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.

திம்பம் மலைமேல் சூரியோதயம் எடுக்க அதிகாலை 4 மணிக்குச் சத்தியமங்கலத்திலிருந்து கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புலிகள் காப்பகத்து வழி அது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பண்ணாரி சோதனைச் சாவடியில் கார்களையும் விடமாட்டார்கள். சரி, ஜனவரியில் சூரியன் வரவே 6.45 ஆகிவிடும், அதற்குள் 27 வளைவும் ஏறிவிடலாம் என்று விரட்டவும் வேண்டாம். முந்தின நாளே ஆசனூர் போய்த் தங்கிவிடுங்கள். வளைவில் வண்டியை நிறுத்தி இறங்குவதும், காட்டுக்குமேல் டிரோன் விடுவதும் கூடவே கூடாது. நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், அதையும் கிளம்பும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடைப் பழக்கத்தில் 10 மணிக்கே கேமராவை மூடிவிடுவதும் தப்புதான். சித்திரையில் உச்சிவெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும். மார்கழியில் சூரியன் தென்பக்கமாகச் சாய்ந்து, உச்சிவேளையிலும் சுமார் 56 டிகிரிதான் ஏறும். கரும்பாலைக் கொப்பரை ஆவியையோ சென்னிமலைத் தறிக்கூடத்து ஜன்னலையோ நடுப்பகலிலும் தாராளமாக எடுக்கலாம்.

திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சர் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கேமரா கூட்டம் அதிகம். மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தை, பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிக் கிளப்புகிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். கரையில் உட்கார்ந்திருந்தால் அதுவே பறக்கும்.

உடுமலைப் பக்கம் எருதை ஆடவைக்கும் சலகெருது ஆட்டத்திலும் இதே அவசரம்தான். உருமிக்கு ஆடிவருகிற எருதின் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் அது மிரளும், கோல்பிடித்து ஆடுகிறவருக்குத்தான் ஆபத்து.

கடைசியாகப் பணம். பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுத்தால் டிடிஎஸ் என்று வருமானவரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது உங்கள் பேரில் வரிக்கணக்கில் ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மார்ச் கடைசியில் கூப்பிட்டால் கணக்குப்பிள்ளை போனை எடுக்கமாட்டார்.