பெரிய டயர்: கடை வாசலில் பொருந்தும், வாய்க்காலில் உரசும்

டயர் கடையின் சமதரையில் நிற்கும்போது எவ்வளவு பெரிய டயரும் வண்டிக்குப் பொருந்தின மாதிரிதான் தெரியும். மாருதியின் சின்ன 4 வீல் டிரைவ் வண்டியான என் ஜிம்னிக்கு 235/75 ஆர்15 அளவு டயர் போட்ட அன்று நானும் அப்படித்தான் நம்பினேன். மெக்கானிக் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துக் காட்டினார். எங்கும் இடிக்கவில்லை. நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் ஒரு தென்னந்தோப்புக்குள் வாய்க்காலைத் தாண்டினேன். முன் இடது சக்கரம் கரைமேல் ஏறி, ஸ்டியரிங் வலது பக்கம் ஒடிந்திருந்த அந்த நொடியில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், சக்கரத்துக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் லைனர் கிழிந்து தொங்குகிறது.

வண்டி சும்மா நிற்கும்போது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி ஒரு ஏமாற்று. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் எதிர்ப்பக்கச் சக்கரம் அந்த இடைவெளிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டயர் எங்கே இடிக்கும் என்பது அப்போதுதான் தெரியும். அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே முன்சக்கரம் இரண்டில் மட்டும் புது டயரை மாட்டச் சொல்லுங்கள். ஒரு முன்சக்கரத்தைச் சாய்தளத்திலோ நல்ல உயரமான கல்மேலோ ஏற்றி, ஸ்பிரிங் நன்றாக அமுங்கிய நிலையில் இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். அப்புறம் அடுத்த சக்கரம். வெளியே தெரிகிற பம்பர் முனையை மட்டும் பார்த்தால் போதாது. டார்ச் அடித்து உள்பக்கமும் பார்க்க வேண்டும். ஜிம்னியில் முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகளில் டயர் உரசலாம். பிரேக் எண்ணெய்க் குழாயான பிரேக் ஹோஸ் பக்கம் டயர் போனால் அந்த அளவையே மறந்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கத்தான் செய்வார், பரவாயில்லை.

அடுத்த தவறு, கணக்குப் போடாதது. டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்ணே எல்லாம் சொல்லிவிடும். ஜிம்னியோடு வருவது 195/80 ஆர்15. 195 மில்லிமீட்டர் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 312. 15 அங்குல ரிம் என்பது 381 மி.மீ. ஆக மொத்த விட்டம் 693. இதே கணக்கில் 235/75 ஆர்15 என்றால் ஏறக்குறைய 733. வித்தியாசம் 40 மி.மீ., கிட்டத்தட்ட 6 சதவீதம்.

அந்த 40-உம் தரையிலிருந்து உயரமாகக் கிடைக்காது. ஆக்ஸில் ஏறுவது அதில் பாதிதான், 20 மி.மீ., ஒரு கட்டைவிரல் தடிமன். ஆனால் 6 சதவீத விளைவு முழுசாக வந்து சேரும். மீட்டரில் 100 காட்டும்போது, பழைய டயரில் ஓடியிருப்பதைவிட 6 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான மீட்டர்கள் கம்பெனியிலேயே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைத்திருப்பதால் இதில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடும். 31 அங்குல டயர் போட்டால் வித்தியாசம் 13 சதவீதத்தைத் தாண்டுகிறது. அது எதிலும் கழியாது. ஓடிய கிலோமீட்டரையும் குறைத்துக் காட்டுவதால் ஆயில் மாற்றும் கணக்கும் தப்பும். 2020-இல் வந்த தார் ஜீப்பைப் பாருங்கள். அதற்கு மஹிந்திரா கொடுத்த 245/75 ஆர்16, 255/65 ஆர்18 இரண்டின் விட்ட வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. ரிம் இரண்டு அங்குலம் பெரிதானாலும் டயரின் மொத்த உயரத்தை அவர்கள் அவ்வளவாக அசைக்கவில்லை.

நான் செய்த இன்னொரு தப்பு வெளியே தெரியாத ரகம். ஜிம்னியின் ரிம் அகலம் ஐந்தரை அங்குலம். 235/75 டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். குறுகலான ரிமில் மாட்டினால் டயரின் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி மட்டும் மேடாகிவிடும். நடுவில் மட்டும் தேயும், வளைவில் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே என் டயர்களில் நடுக்கட்டைகள் ஓரத்தைவிடத் தாழ்ந்திருந்தன. "மாட்டிக்கும் சார்" என்று கடையில் சொன்னது பொய்யில்லை. மாட்டத்தான் செய்தது.

உரசலைத் தவிர்க்க, சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தட்டான ஸ்பேசர் போடுங்கள் என்று ஒரு யோசனை வரும். ஸ்பேசரோ, ஆஃப்செட் குறைந்த அலாயோ சக்கரத்தை வெளியே தள்ளும். உள்பக்க உரசல் நிற்கும். அதே சமயம் ஒடிக்கும்போது டயர் போடும் வட்டம் பெரிதாகி, பம்பர் முனையில் போய் இடிக்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும் டயர் ஓட்டுகிறவர் கண்ணாடியில் சேறடிப்பதோடு போலீஸ்காரர் கண்ணையும் இழுக்கும்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய டயரையும் புதியதையும் தராசில் ஏற்றிப் பாருங்கள். டயருக்கு 4 கிலோ கூடினாலே வண்டியின் குணம் மாறிவிடும், ஏனென்றால் அது டிக்கியில் சும்மா கிடக்கிற சாமான் இல்லை, சுற்றுகிற எடை. ஜிம்னியின் 1.5 லிட்டர் இன்ஜினுக்கு 134 நியூட்டன் மீட்டர் இழுவைதான். விட்டம் கூடியதும் ஒவ்வொரு கியரும் ஒரு படி உயர்ந்த மாதிரி ஆகிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், மூன்றாவது கியரில் போன இடத்தில் இரண்டாவதைத் தேடுவீர்கள். பிரேக்கிலும் இதே கதைதான். அதே காலிப்பர், அதே டிஸ்க், நிறுத்த வேண்டிய சக்கரம் மட்டும் பெரிது. சேற்றுக்கென்றே செய்த, கட்டைக்கட்டையாக இருக்கும் எம்/டி டயராகவும் இருந்துவிட்டால் மழை நாளில் தார் ரோட்டில் பிடிப்பு இன்னும் குறையும். வருஷத்தில் நாலு நாள் சேற்றுக்காக மீதி நாளெல்லாம் அந்த இரைச்சலோடு ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ/டி போதும்.

டயர் இடிக்கிறது என்று வண்டியைத் தூக்கினால் அது இன்னொரு செலவுக்குக் கதவு. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே தண்டான ஆக்ஸில். ஸ்பிரிங்கை உயர்த்தினால் காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, மாறும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது குறையும். 60-80 வேகத்தில் ஒரு சின்னப் பள்ளம் போதும், ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங் டேம்பர் மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். அது பல்வலிக்கு மாத்திரை போடுகிற மாதிரி. பேலன்சிங், முன்சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் கிங்பின் பேரிங், காஸ்டர் என்று வேரைப் பார்க்க வேண்டும். புதிய தாருக்கு முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் தொல்லை வேறு விதம்: தூக்கத் தூக்க டிரைவ் ஷாஃப்டின் கோணம் செங்குத்தாகி, ஷாஃப்ட் மடங்கியபடியே சுற்ற உதவும் சி.வி. ஜாயின்டும் அதன் ரப்பர் உறையும் சீக்கிரம் போகும்.

ஸ்டெப்னியை மறப்பவர்கள் ஏராளம். நாலு டயருக்கே பட்ஜெட் முடிந்துவிடும், பின் கதவில் பழையதே தொங்கும். காட்டுப் பாதையில் பஞ்சராகி அதை மாட்டி, நாலு சக்கரமும் இழுக்கும் 4 வீல் போட்டு ஓட்டினால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் கட்டி வைத்திருப்பதால் முறுக்கு முழுவதும் அதன் தலையில். சேறு என்றால் சக்கரம் வழுக்கிக் கொஞ்சம் தப்பிக்கும், காய்ந்த பாறையில் தப்பிக்க வழியில்லை. ஆக, வாங்கினால் ஐந்து. ஐந்தாவது பெரிய டயரைப் பின் கதவின் கீல் தாங்குமா என்பதையும் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் எம்/டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த வயதுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்துக்கு அப்புறம் கேட்டால் பதில் வேறாக இருக்கலாம்.

இதெல்லாம் எதற்கு என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் குழியுமான அந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்க அவை 33 அங்குல டயரைத் தேடிப் போகவில்லை. மணலிலோ சேற்றிலோ மாட்டினால், வழக்கமாக இருக்கும் காற்றை 18 பாயின்டுக்கு (பி.எஸ்.ஐ.) இறக்கினாலே டயர் தரையில் பரந்து பிடித்துக்கொள்ளும். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு சின்ன கம்ப்ரசரும் கேஜும் போதும். ஒரு டயர் விலையைவிடக் குறைவு.

இப்போது என் வண்டியில் 215/75 ஆர்15 ஏ/டி ஓடுகிறது. பழைய டயரைவிடப் பத்து மில்லிமீட்டர்தான் உயரம், கம்பெனி ரிமிலேயே உட்கார்கிறது. வாய்க்காலில் கிழிந்த லைனரை கேபிள் டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். புதிது வாங்க இன்னும் மனசு வரவில்லை.