மாடியும் மர டெக்கும்: வேலூர்ப் பக்கம் பிரஷர் வாஷ் தொழிலுக்கு இறங்குபவருக்கு

காட்பாடியில் எட்டு வருஷம் பைக் வாட்டர் வாஷ் கடை நடத்தினேன். அதற்கு முன்னால் நைனாவோடு, அதாவது அப்பாவோடு, மர பாலிஷ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் இப்போது என் பிழைப்பு. வீட்டு மாடி, காம்பவுண்டு, சிமெண்ட் வாசல் எல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். ஏலகிரிப் பக்கம் காட்டேஜ்களில் வெயிலும் மழையும் தின்று வெளுத்துப்போன மர டெக்கை, அதாவது வெளியே பலகை அடித்த தரையை, மறுபடி மரமாக்கிக் கொடுக்கிறேன். "அண்ணா, எந்த மிஷின் வாங்கலாம்?" என்று அடிக்கடி பையன்கள் கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளம்.

கடைக்காரர் மிஷினைக் காட்டும்போது எல்லாருடைய கண்ணும் பார் எண்ணிக்கைக்குத்தான், அதாவது தண்ணீர் பிரஷர் அளவுக்குத்தான் போகும். நானும் அப்படித்தான் 150 பார் மிஷினை வாங்கி, அதே வாரம் ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசி வளைவையும் ஏற்றி ஒரு பைன் மர டெக்கில் இறக்கினேன். தண்ணீர் பீய்ச்சும் முனையில் சிவப்பு நாசில் போட்டு ஒரு இழுப்பு. கறுத்த அழுக்கு கத்தியால் சீவின மாதிரி போய், மஞ்சள் மரம் பளிச்சென்று தெரிந்தது. அந்த சந்தோஷத்தில் முப்பது அடி இழுத்துவிட்டேன். மறுநாள் காய்ந்ததும் பார்த்தால் ஏர் ஓட்டின நிலம்! பைனில் வெளிர் பகுதி மெத்து, கருவரி கெட்டி. மெத்தானதெல்லாம் தண்ணீரோடு போய் வரி மட்டும் வரப்பு வரப்பாக நின்றது. மேலே பஞ்சு பஞ்சாகச் சிலும்பு. நைனாவைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். "கழுவ சொன்னா தோல உரிச்சிக்கிறியேடா" என்றார், அவ்வளவுதான். நாலு நாள் உப்புத்தாள் போட்டோம். பதினோரு பலகையை என் காசில் மாற்றினேன்.

அப்புறம்தான் உறைத்தது, கடையில் பைக் கழுவ வைத்திருந்த பழைய பெல்ட் பம்ப் மரத்துக்குக் கனகச்சிதம் என்று. வயலில் பூச்சிமருந்து அடிக்கிற எச்.டி.பி. பம்ப்தான் அது, முப்பது நாப்பது கிலோ பிரஷருக்கு மேல் போகாது. கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பைன் மாதிரி மெத்து மரத்துக்கு அதுவே போதும். தேக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கூட்டத் தேவையே வராது. பெரிய மிஷின் சிமெண்டுக்கும் கிரானைட்டுக்கும். நாசில் நிறத்தையும் தண்ணீர் விரிகிற டிகிரியையும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: சிவப்பு நேர் ஊசி, மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்பு விட. மரத்துக்கு வெள்ளை. ஒரு அடி தள்ளிப் பிடித்து, ரேகை போகிற பக்கமே போங்கள். சிவப்பை நான் வண்டியிலேயே வைப்பதில்லை. அந்த ஊசித் தண்ணீர் விரலில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தண்ணீர் விஷயத்தை வேலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். நிமிஷத்துக்கு 8 லிட்டர் என்றால் மணிக்கு 480. நாலு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 2,000 லிட்டர், அதாவது ரெண்டு பெரிய சின்டெக்ஸ் டேங்க். நம்ம ஊரில் பாலாறு ஓடுவதே சேதி. வீட்டு டேங்கைக் காலி பண்ணிவிட்டு வந்தால் அந்த வீட்டு அக்கா அடுத்த வருஷம் கூப்பிடாது. போர் தண்ணீர் என்றால் மிஷின் வாயில் ஃபில்டர் கட்டாயம், மணல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சீலைத் தின்றுவிடும். கரண்டுக்கு மூணு விஷயம்: எர்த் உள்ள பிளக், 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், ஷாக் அடித்தால் டிரிப் ஆகிற ஆர்.சி.சி.பி. ஈரத்தில் நின்று செய்கிற வேலை இது.

மாடி வேலையில் ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. கூல் டைல், சிமெண்ட் தளம் இதெல்லாம் தைரியமாக அடிக்கலாம். ஆற்காடு, வாலாஜா பக்கம் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட தளம் இருக்கும். அதில் மிஷினை வைத்தால் சுண்ணாம்பு கரைந்து, அடுத்த ஐப்பசியில் கூடத்தில் சொட்டும். அங்கே தென்னந்துடைப்பமும் பிரஷும்தான். இன்னொன்று, பாசிக்கு பிளீச்சிங் பவுடரும், கறைக்கு பாத்ரூம் ஆசிட்டும் நம்ம ஆட்கள் சேர்த்தே ஊற்றுவார்கள். ரெண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரல் போய்விடும். ஒரே நாளில் ஒரே இடத்தில் ரெண்டையும் தொடாதீர்கள்.

இனி மரம். வெளியில் கிடக்கும் மரம் சாம்பல் நிறமாவதற்கு அழுக்கு மட்டும் காரணம் இல்லை. வெயில் மேல்தோலில் உள்ள லிக்னினை, அதாவது மர நாரைப் பிடித்துவைக்கிற பசையை, சிதைத்துவிடுகிறது. செத்த அந்தத் தோலை மருந்துதான் கிளப்ப வேண்டும், தண்ணீர் அலசிவிட மட்டும். நான் போடுவது சோடியம் பெர்கார்பனேட். 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. முதலில் சுற்றி உள்ள செடிகளை நனைத்துவிட்டு, டெக்கையும் நனைத்து, மருந்தைப் பரப்பி, கால் மணி நேரம் காயவிடாமல் வையுங்கள். நுரை பழுப்பாக வரும்போது நைலான் பிரஷால் ரேகை பக்கம் தேய்த்து அலசுங்கள். வெயிலில் செய்தால் மருந்து காய்ந்து திட்டுத் திட்டாகும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சரி.

அலசினதும் மரம் கறுத்த மாதிரி தெரியும், பயப்படாதீர்கள். ஆக்சாலிக் ஆசிட் தண்ணீர் காட்டினால் கண் முன்னாலேயே நிறம் திரும்பும். ஆணி, ஸ்க்ரூ சுற்றி இருக்கும் கறுப்பு வட்டமும் அதில்தான் போகும். அது ஏன் கறுக்கிறது என்று கேட்டால் நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பு இரும்பைத் தொட்டால் மை ஆகும். தேக்கிலும் அதே துவர்ப்பு கொஞ்சம் இருக்கிறது. அதனால் ஸ்க்ரூ மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். ஆக்சாலிக் விஷம். கையுறை, கண்ணாடி போட்டு பிளாஸ்டிக் பக்கெட்டில் மட்டும் கரைக்கவும். முதல் மருந்தை நன்றாக அலசாமல் இதை ஊற்றினால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், காசு வீண்.

பிறகு காயவிடுவது. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள், ஓனர் உட்பட. "மேல காஞ்சிடுச்சே தம்பி, எண்ணெய் அடிச்சிட்டுப் போயேன்" என்பார். மேலே காயும், உள்ளே ஈரம் நிற்கும். ஊசி வைத்துப் பார்க்கும் ஈர மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் எண்ணெய். மாசி, பங்குனியில் வேலூரில் ரெண்டு நாளில் வந்துவிடும். ஏலகிரியில் நாலு நாளும் ஆகியிருக்கிறது. காய்ந்ததும் எழும்பி நிற்கும் சிலும்பை 80-ம் நம்பர் உப்புத்தாளில் லேசாக எடுங்கள். ரொம்ப வழவழப்பாக்கினால் எண்ணெய் குடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் உறிஞ்சினால் தயார்.

தரைக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லி கேட்பார்கள், பளபளப்புக்காக. வெளியிடத்தில் அது படலமாக உரியும், அப்புறம் சுரண்டியே சாக வேண்டும். ஊறுகிற டெக் ஆயில்தான் என் பழக்கம். மெல்லிசாக ஒரு கை, கால் மணி கழித்து மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு ஒருமுறை சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் புகை. யாரும் பீடி பிடிக்கவில்லை, நெருப்பே இல்லை. ஆளி விதை எண்ணெய் மாதிரி காய்கிற எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும், குவியலாக இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். இப்போதெல்லாம் தண்ணீர் பக்கெட் ஒன்று துணிக்கென்றே வண்டியில் இருக்கிறது.

பழைய தேக்குத் தலைவாசல் கழுவித் தரச் சொன்னால் மிஷினை வண்டியை விட்டு இறக்கவே வேண்டாம். நிலைப்படி மஞ்சள், குங்குமம், விளக்குக் கரி எல்லாம் கைவேலைதான். நைனா இன்னும் அதற்கு மட்டும் வருவார்.

ரேட்டை சதுர அடிக்குச் சொல்லுங்கள், ஆனால் நாள் கணக்கில் போட்டுப் பாருங்கள். 300 சதுர அடி டெக் என்றால் கழுவ ஒரு நாள், உப்புத்தாளுக்கும் எண்ணெய்க்கும் ரெண்டு நாள், ரெண்டு ஆள். காயும் நாட்களில் கீழே ஊரில் மாடி வேலை வைத்துக்கொண்டால் கூலி வீணாகாது. மலை ஏறி இறங்கும் டீசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைவான மூலையில் ஒரு அடி செய்து காட்டி, போட்டோ எடுத்து, அதற்குப் பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு, ஆன்லைனில் இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. வரும்.

போகிக்கு முந்தின ரெண்டு வாரம் போன் ஓயாது, எல்லாம் மாடியும் காம்பவுண்டும். அதே நேரம் ஏலகிரியிலிருந்தும் கூப்பிடுவார்கள். மார்கழிப் பனியில் மரம் காயவே காயாது, தை பாதிக்கு மேல் தேதி கொடுங்கள். கோடைக் கூட்டம் வருவதற்குள் முடித்துத் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.