பழைய சுவரோரம் கீரை விதைக்கும் முன்

பின்சுவரோரம் மண்ணைக் கொத்தினால் நகம் அளவுக்குப் பச்சைச் சில்லுகள் வரும். பழைய பெயின்ட் உரிந்து விழுந்தவை. அதைப் பொருட்படுத்தாமல் அங்கேயே கீரை விதைத்தேன். தளதளவென்று வந்தது. மண்ணைச் சோதித்த பிறகுதான் காரீயம் (lead) என்ற நச்சு உலோகம் அதில் கூடுதல் என்று தெரிந்தது. செடியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் முதலில் சோதனை. எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கலந்து அனுப்புங்கள். கன உலோகம், அதாவது காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள், பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமான உரச் சோதனையில் அது வராது.

எந்த உலோகம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். துத்தநாகமும் இரும்பும் போகிற வழியிலேயே காட்மியம் வேருக்குள் நுழைந்து இலை வரை ஏறிவிடும். ஆகவே காட்மியம் உள்ள மண்ணில் கீரையே வேண்டாம். காரீயம் அப்படி ஏறாது. பெரும்பாலும் மண்ணிலும் வேரிலும் தங்கிவிடும். ஆபத்து இலையில் ஒட்டிய மண்ணில்தான். என் கீரையை அலசியபோது மூன்றாவது தண்ணீரிலும் பாத்திரத்தின் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது.

காரீயம் மிதமாக இருந்தால் தக்காளி, கத்தரி, பீன்ஸ் போடலாம். கேரட், முள்ளங்கி வேண்டாம். மண் தெறிக்காமல் மூடாக்குப் போடுங்கள். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு சேருங்கள், காரீயமும் காட்மியமும் மண்ணோடு இறுகும். ஆனால் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால் சுண்ணாம்பு, பாஸ்பேட் உரம் இரண்டையும் தொடாதீர்கள். பாஸ்பேட் அதை மண்ணிலிருந்து பெயர்த்துவிடும்.

செடியை வைத்தே மண்ணைச் சுத்தம் செய்ய முடியாதா? ஆர்சனிக்குக்கு முடியும். டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி அதை உறிஞ்சி இலைகளில் சேர்ப்பதை 2001-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் வளர்த்து வெட்ட வேண்டும். வெட்டிய இலையை எரிக்கவோ உரக்குழியில் போடவோ கூடாது, அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். காரீயத்துக்குக் கடுகு நடச் சொல்வார்கள். அது நன்றாக உறிஞ்ச மண்ணில் ரசாயனம் ஊற்ற வேண்டும்; அப்புறம் கரைந்த காரீயம் நிலத்தடி நீருக்கும் போகலாம். வீட்டுத் தோட்டத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நான் சுவரை விட்டுத் தள்ளி, அடியில் துணி விரித்து, ஓரடி உயரத்துக்கு வேறு மண் கொட்டிப் பாத்தி கட்டினேன். கீரை இப்போது அதில்தான். சுவரோரம் முழுக்கப் புல் வளர்த்துவிட்டேன், இல்லாவிட்டால் பேத்தி அங்கே மண்ணை அளைந்துவிட்டு விரலை வாயில் வைப்பாள்.