போர் தண்ணீரில் ஃபுளோரைடு: பள்ளியிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு என்ற உப்பு போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் கலந்திருப்பது பழைய சங்கதி. அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். குழாய் வந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. எங்கள் ஊர்ப் பள்ளியில் செய்து பார்த்த முறை இது. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

1. பல் பார்ப்பது

நாலாவது, ஐந்தாவது பிள்ளைகள் போதும். நிரந்தர முன்பற்கள் முளைத்திருக்கும். வராண்டா வெளிச்சத்தில் பஞ்சால் பல்லைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். செல்போன் டார்ச் வேண்டாம், ஈறு வரைக்கும் பளபளத்து ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்கே சுண்ணாம்புக் கோடு அல்லது பழுப்புக் கறை இருந்தால் ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு மிஞ்சியதால் வரும் பாதிப்பு என்று சந்தேகிக்கலாம். பல் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். சுரண்டினால் போவது வெறும் அழுக்கு. ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிடுங்கள். மற்ற பிள்ளைகள் எதிரில் கறைப்பல் என்ற வார்த்தையே வரக் கூடாது.

2. தண்ணீர் எடுப்பது

நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான். பல்லில் தெரிவது பிள்ளை சின்ன வயதில் குடித்த தண்ணீர். இன்றைக்குக் குடிப்பது எது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "ஒகேனக்கல் தண்ணிதாங்க" என்பார்கள். அதோடு விடாதீர்கள். "சோறு எதுல ஆக்கறீங்க? குழாய் வராத அன்னிக்கு எங்க புடிப்பீங்க?" என்று கேளுங்கள். அப்போதுதான் போர் வெளியே வரும். சில ஊர்களில் இரண்டு தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏறுகிறது. எந்த நாளில் எது ஏறுகிறது என்று தொட்டி ஆபரேட்டரிடம் விசாரித்து, அந்தந்த நாளில் தனித்தனியாகப் பிடியுங்கள். சத்துணவுக் கூடத்தையும் அங்கன்வாடியையும் விட்டுவிடாதீர்கள்.

பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி ஆகாது, ஃபுளோரைடு அதோடு வினைபுரியும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிப் பிடித்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

3. பரிசோதனை

ஊராட்சியில், தண்ணீரில் மருந்து விட்டு நிறம் பார்க்கும் களப் பரிசோதனை கிட் இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. நிறம் 1க்கும் 1.5க்கும் நடுவில் நின்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டரை நம்பவே நம்பாதீர்கள், அது கரைந்த உப்புகளை மொத்தமாகத்தான் காட்டும், ஃபுளோரைடு தனியாகத் தெரியாது.

4. கிராம சபை

முடிவுத் தாளோடு போய், போரையும் ஒகேனக்கல் தண்ணீரையும் தனித்தனிக் குழாயில் விடச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்து வாருங்கள்.

பின்சேர்க்கை: காய்ச்சினால் போய்விடுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு இன்னும் கெட்டிப்படும். ஆர்ஓ சுத்திகரிப்பு மெஷின் குறைக்கும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் தண்ணீரை மாற்றாமல் அது மட்டும் போதாது.