ஸ்டாக் காரா, ஃபார்முலாவா: ஓட்டுநர்களை ஒப்பிடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

போன மாதம் எங்கள் சிம் ரேசிங் (கம்ப்யூட்டரில் ஓட்டும் பந்தயம்) குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு எக்ஸெல் அட்டவணை அனுப்பினார். ஃபார்முலா ஒன்னிலிருந்து நாஸ்கார் பக்கம் (ஸ்டாக் கார் என்கிற கனமான, கூரை போட்ட காரில் ஓடும் அமெரிக்கப் பந்தயம்) போனவர்களின் பெயர், எதிரே அவர்கள் முடித்த இடம். கிமி ரைக்கோனனுக்கு நேராக 27 என்று சிவப்பில் போட்டு, கீழே “ஆகவே ஸ்டாக் கார்தான் கஷ்டம், வாதம் முடிந்தது” என்று தீர்ப்பும் எழுதியிருந்தார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே அட்டவணையைப் போட்டவன்தான் நானும். என்னுடையதில் நிறம் மட்டும் வேறு.

“இடப்பக்கம் மட்டும்தானே திரும்பணும்”, “ஃபார்முலாவில் கம்ப்யூட்டர்தானே ஓட்டுது” என்கிற ரகத்தை இங்கே தொடப் போவதில்லை. ஒரு ரேஸை முழுசாக உட்கார்ந்து பார்த்தால் அது தானாகவே போய்விடும். ஓரளவு விஷயம் தெரிந்தவர்கள் செய்கிற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

வெற்றிக் கணக்கு

நாஸ்காரில் ரிச்சர்ட் பெட்டி 200, ஃபார்முலா ஒன்னில் லூயிஸ் ஹாமில்டன் 2024 முடிய 105. பெட்டி 1967-ல் மட்டும் 27 ரேஸ் ஜெயித்தார். அந்த வருடம் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பில் நடந்ததே மொத்தம் 11 ரேஸ். இதற்கு மேல் என்ன சொல்ல?

டாப் ஸ்பீடு

விட்டுவிடுங்கள்.

டீம்மேட்டை அளவுகோலாகப் பிடிப்பது

ஃபார்முலா ஒன்னில் இது ஓரளவு செல்லும். ஒரே அணி, இரண்டு கார், கிட்டத்தட்ட ஒரே சாமான். யார் வேகம் என்று சனிக்கிழமை தகுதிச் சுற்றிலேயே தெரிந்துவிடும். அதே பழக்கத்தில் நாஸ்காரைப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். அங்கே ஒரே அணியில் மூன்று நான்கு கார் ஓடினாலும் ஒவ்வொரு காருக்கும் தனி க்ரூ சீஃப் (அந்தக் காரின் தலைமைப் பொறுப்பாளர்), தனி ஆட்கள், தனி செட்டப். பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே நான்கு குடித்தனம்.

மாறிப் போனவரின் முதல் சில ரேஸை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான், காரணம் நானே இதில் கையைச் சுட்டுக்கொண்டவன். எங்கள் குழு ஓவல் எனும் நீள்வட்டத் தடத்தில் ஓடும் ஒரு ஸ்டாக் கார் லீக்குக்குப் பணம் கட்டி இறங்கியது, ஆள் தேர்வு என் பொறுப்பு. ஃபார்முலா காரில் எங்கள் எல்லோரையும் விட அரை செகண்டு வேகமான நண்பர் ஒருவர் இருந்தார். ஸ்டாக் காரில் முதல் மூன்று வாரமும் அவர் கடைசி. ஒரு ராத்திரி இரண்டாவது லேப்பிலேயே சுற்றிப்போய்ச் சுவரில் நின்றார். நான் பெரிய மேதை மாதிரி “இவருக்கு இது வராது” என்று சொல்லி எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சண்டை போடவில்லை, வேறு குழுவுக்குப் போனார். அடுத்த சீசனில் எங்களுக்கு முன்னால் முடித்தார், அதுவும் ஒரு முறை இரண்டு முறை இல்லை.

அந்த மூன்று வாரம் அவருக்கு என்ன நடந்தது என்று பின்னால் ரீப்ளேயைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஃபார்முலா காரில் காற்று காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. வேகம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும், அதனால் வளைவுக்கு வெகு அருகில் வந்து பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, வேகம் குறையக் குறையக் காலை விட்டுக்கொண்டே உள்ளே திருப்பலாம். நாஸ்கார் கார் ஓட்டுநரைச் சேர்க்காமலே 1,450 கிலோ பக்கம் வரும். ஃபார்முலா ஒன் கார் ஓட்டுநரோடு சேர்த்தே 800 கிலோவைச் சுற்றித்தான். அந்த எடையை அதே மாதிரி மிதித்துத் திருப்பினால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இங்கே காலை முன்கூட்டியே எடுத்து, காரைத் தன் போக்கில் உருளவிட்டு, மூக்கு திரும்புகிறவரை சும்மா இருந்து, அப்புறம் முட்டையை மிதிப்பது மாதிரி ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டும். அந்தச் சும்மா இருக்கிற அரை நொடி இருக்கிறதே, வேகமான ஆளுக்கு அதுதான் நரகம். என் நண்பர் நான்காவது வாரம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். நான் மூன்றாவது வாரமே கதவைச் சாத்திவிட்டேன்.

நிஜ உலகத்தில் இதற்கு டாரியோ ஃப்ரான்கிட்டியைப் பாருங்கள். 2007-ல் இண்டியானாபோலிஸ் 500-ஐயும், ஃபார்முலா ரகக் காரில் ஓடும் அமெரிக்கத் தொடரான இண்டிகாரின் பட்டத்தையும் ஒரே வருடத்தில் ஜெயித்துவிட்டு 2008-ல் நாஸ்காருக்குப் போனார். டல்லடேகாவில் விபத்து, கணுக்கால் எலும்பு முறிவு, வருடப் பாதியில் ஸ்பான்சர் இல்லாமல் அவருடைய கார் அணியையே மூடிவிட்டார்கள். அட்டவணையில் இது “தோல்வி” என்று ஒரு வார்த்தையாக நிற்கும். திரும்பி வந்தவர் 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று இண்டிகார் பட்டம் வாங்கினார். 2008-ல் திறமை எங்கேயோ போய் 2009-ல் திரும்பி வந்ததா?

ஹுவான் பாப்லோ மொன்டோயா கதை இன்னும் நுணுக்கமானது. ஃபார்முலா ஒன்னில் 7 வெற்றி, நாஸ்காரின் முதல் வரிசைத் தொடரில் முழுசாக ஏழு சீசன், வெற்றி இரண்டே இரண்டு: 2007-ல் சோனோமா, 2010-ல் வாட்கின்ஸ் கிளென். இரண்டும் இடமும் வலமும் வளைகிற ரோடு கோர்ஸ். ஆகவே ஓவலில் ஆள் பூஜ்யம் என்று எழுதிவிடலாம், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் 2009-ல் இண்டியானாபோலிஸ் ஓவலில் 160 லேப்பில் 116 லேப் அவர்தான் முன்னால் ஓடினார். பிட் ரோட்டில் (டயர் மாற்ற, எரிபொருள் போட உள்ளே வரும் பாதை) வேக வரம்பு மீறியதாகத் தண்டனை விழுந்தது, ரேடியோவில் கத்தித் தீர்த்தார், 11-வதாக முடித்தார். அட்டவணைக்கு 11 மட்டும்தான் தெரியும்.

எதிர்த்திசையில் ஜிம்மி ஜான்சன். ஏழு முறை நாஸ்கார் சாம்பியன். 2021-ல் இண்டிகாரின் ரோடு, தெருப் பந்தயங்களில் மட்டும் ஓடினார், 17-வது இடத்துக்கு மேல் வரவே இல்லை. “பார்த்தீர்களா, ஓப்பன் வீல்தான் (சக்கரம் மூடாத ஃபார்முலா, இண்டிகார் ரகம்) கஷ்டம்” என்று எதிர்க்கட்சி கொண்டாடியது. அடுத்த வருடம் அதே மனிதர், அதே ரகக் கார், ஆனால் ஓவல்: டெக்சஸில் 6, அயோவாவில் 5. ஷேன் வான் கிஸ்பெர்கன் 2025-ல் நாஸ்காரில் ஐந்து ரேஸ் ஜெயித்தார், ஐந்தில் ஒன்றுகூட ஓவல் இல்லை. அவர் நாஸ்காருக்கு வந்தது ஓப்பன் வீலிலிருந்து இல்லை, ஆஸ்திரேலியாவில் கூரை போட்ட கார் ஓட்டிவிட்டு வந்தவர். நாம் சக்கரம் வெளியே தெரிகிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துக் கோடு போடுகிறோம். கோடு பெரும்பாலும் ஓவலுக்கும் ரோடு கோர்ஸுக்கும் நடுவில் கிடக்கிறது.

ரைக்கோனனின் அந்த 27-ஐயும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் சார்லட் ஓவலில், இரண்டாம் நிலைத் தொடரில், அவர் ஓட்டிய ஒரே ரேஸ். அதற்கு ஒரு வாரம் முன்னால் அதே சார்லட்டில் டிரக் ரேஸில் 15-வது வந்தார். தம்பியின் அட்டவணையில் 15 இல்லை.

காதில் கேட்கிற குரலை மறந்துவிடுவது

ஸ்டாக் கார் திறமையில் பாதி வாய்த் திறமை. கார் “லூஸ்” (பின்பக்கம் வழுக்குவது) ஆகிறதா, “டைட்” (மூக்கு திரும்ப மறுப்பது) ஆகிறதா, வளைவின் தொடக்கத்திலா, நடுவிலா, வெளியேறும்போதா என்று ரேடியோவில் சொல்லத் தெரிய வேண்டும். அதைக் கேட்டுத்தான் பிட்டில் ஒருவர் பின் கண்ணாடித் துளை வழியாக நீள ரெஞ்சை விட்டு சஸ்பென்ஷனை ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருகுவார். தப்பாகச் சொன்னால் அடுத்த ஐம்பது லேப் தப்பான காரோடு குடும்பம் நடத்த வேண்டும். தடத்துக்கு மேலே நின்று ஓட்டுநருக்குக் கண்ணாக இருக்கிற ஸ்பாட்டர் “உள்ளே ஆள், இன்னும் உள்ளே” என்று சொல்வதை நம்பி, பார்க்க முடியாத இடத்தில் காரை வைப்பது இன்னொரு கலை. இதெல்லாம் எந்த லேப் நேரத்திலும் தனியாகத் தெரியாது.

“ஒரே மாதிரி கார் கொடுத்தால் தெரிந்துவிடும்”

கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஐராக் என்று ஒரு தொடர், எல்லோருக்கும் ஒரே கார். முதல் முறை போர்ஷேயில் நடத்தினார்கள், மார்க் டோனஹ்யூ ஜெயித்தார். அப்புறம் கமாரோ மாதிரி அமெரிக்கக் கார்களுக்கு மாறியது. 1988-ல் அல் அன்சர் ஜூனியர் ஜெயித்ததோடு சரி. அதற்குப் பிறகு 2006-ல் மூடுகிறவரை எல்லாப் பட்டமும் நாஸ்கார்காரர்களுக்கே. கார் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அது யார் வீட்டுக் கார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மரியோ ஆண்ட்ரெட்டி பெயரைச் சொல்லி வாயை அடைப்பது

1967 டேடோனா 500, 1969 இண்டி 500, 1978 ஃபார்முலா ஒன் பட்டம். ஒரே ஆள், வேறு யாருக்கும் இல்லை. அதனாலேயே அவரை வைத்து மற்றவர்களை அளக்க முடியாது.

நம்ம ஊர்க்காரரின் இரண்டு எண்கள்

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் இண்டியானாபோலிஸில் 4-வதாக முடித்தார், ஃபார்முலா ஒன்னில் அவருக்குக் கிடைத்த ஐந்து பாயிண்டும் அன்றைக்குத்தான். மிச்சலின் டயர் போட்ட 14 கார்களும் டயர் தாங்காது என்று வெளியேறிவிட, ஓடியது ஆறு கார். 2010-ல் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரக் தொடரின் தன் முதல் ரேஸில் 13-வது வந்தார். அரை மைல் தடம், 250 லேப், பேப்பர் கிளிப் மாதிரி இரண்டு நேர்கோடு, இரண்டு கான்கிரீட் வளைவு, நாள் முழுக்க பிரேக்கைச் சுடச்சுட வைத்திருக்கிற இடம். அட்டவணையில் 4 மேலே, 13 கீழே. என்னைக் கேட்டால் 13-ஐத்தான் ஃபிரேம் போட்டு மாட்டுவேன்.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு அதே மார்ட்டின்ஸ்வில்லைப் போட்டுக் கொடுத்தேன். பதினெட்டாவது லேப்பில் பிரேக் போய்ச் சுவரில் ஏறினார். “அண்ணா, இன்னொரு தடவை” என்றார். நாலு தடவை ஆனது, காபி ஆறிப்போனது. அட்டவணையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.