டீசல் பிக்கப்பும் ஸ்மாக் செக்கும்: கலிஃபோர்னியாவில் பலர் மாட்டிக்கொள்ளும் தவறுகள்

டெக்சாஸிலிருந்து வேலை மாறி ஃப்ரெஸ்னோவுக்கு வந்த நண்பர், அங்கே வாங்கிய பழைய ராம் 2500 பிக்கப்பையும் ஓட்டிக்கொண்டு வந்தார். 2014 மாடல், 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல். கலிஃபோர்னியா நம்பர் பிளேட் வாங்க ஸ்மாக் செக், அதாவது வண்டியின் புகைச் சோதனை, வேண்டும் என்றார்கள். நானும் கூடப் போனேன். டெக்னீஷியன் நீளக் கைப்பிடி போட்ட கண்ணாடியை வண்டிக்கு அடியில் நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்தார். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைக் குழாய் ஒன்று ஓடியது. பற்றவைத்த தடம் கூட மறையவில்லை. “இன்னும் கம்ப்யூட்டரையே மாட்டலை, அதுக்குள்ள ஃபெயில்” என்றார். நண்பர் என் பக்கம் திரும்பி, “டெக்சாஸ்ல ரெண்டு வருஷம் ஓட்டினேங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கலையே” என்றார்.

அங்கே கேட்க மாட்டார்கள்தான். டெக்சாஸில் புகைச் சோதனை சில மாவட்டங்களில் மட்டும். அதுவும் பெட்ரோல் வண்டிகளுக்குத்தான், டீசலுக்குக் கிடையாது. சோதனை இல்லாததால் டிபிஎஃப்பைக் கழற்றுவது சட்டப்படி சரி என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதையும் முடக்குவதையும் தடை செய்வது கூட்டரசின் தூய காற்றுச் சட்டம். அது ஐம்பது மாநிலங்களுக்கும் பொது. ‘ஆஃப்ரோடு உபயோகத்துக்கு மட்டும்’ என்று பெட்டியில் அச்சடித்த சாமானை மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டினால் அந்த வாசகம் யாரையும் காப்பாற்றாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இந்தக் கருவிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். பழைய டிரக் வாங்குகிறவர் கையில் அப்படி ஒன்று சிக்குவது அதிசயமே இல்லை.

எந்தச் சோதனை என்று தெரியாமல் போவது

கலிஃபோர்னியாவில் 1998 மாடல் முதல், மொத்த எடை மதிப்பு (வண்டியும் சுமையும் சேர்ந்து) 14,000 பவுண்டு வரையிலான டீசல் வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஸ்மாக் செக். பெட்ரோல் காருக்குப் புதிதாக வாங்கிய முதல் எட்டு மாடல் ஆண்டுகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. டீசலுக்கு அந்தச் சலுகை இல்லை. எடை மதிப்பு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். 14,000-ஐத் தாண்டினால் ஸ்மாக் செக் இல்லை, காற்று வள வாரியத்தின் ‘கிளீன் டிரக் செக்’. பெரும்பாலான வண்டிகளுக்கு அது வருடத்துக்கு இரண்டு முறை. அதில் கம்ப்யூட்டர் வசதி இல்லாத பழைய இன்ஜின்களுக்கு, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள்.

நம் ஊரில் புகைச் சான்றிதழ் எடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே சைலன்சரில் குழாயைச் சொருகி, ஆக்சிலரேட்டரை மிதித்து, எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பார்கள். கலிஃபோர்னியா ஸ்மாக் செக்கில் டீசல் பிக்கப்புக்கு அந்தக் குழாயே கிடையாது. வேலை மூன்று பகுதி: கருவிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது, ஓபிடி என்ற சோதனை இணைப்பு வழியாக வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பது, கண்ணுக்குத் தெரியும் புகை வருகிறதா என்று கவனிப்பது. ஆகவே “என் வண்டியில் புகையே வராது” என்ற வாதம் அங்கே எடுபடாது. புகை வராத வண்டியும் முதல் இரண்டு பகுதியில் தோற்கும்.

முந்தின நாள் ராத்திரி செய்யும் வேலைகள்

ஸ்டாக் ட்யூனை, அதாவது இன்ஜினின் அசல் மென்பொருளை, திரும்ப ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களை அதிகம் பார்க்கிறேன். சோதனைக்கு முன் மென்பொருளை மாற்றும் ட்யூனர் கருவியை மாட்டி, பழைய மென்பொருளை ஏற்றி, மறுநாள் காலையில் நிலையத்துக்குப் போய்விடுவார்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளுக்குக் கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. 2021 ஜூலை 19 முதல் மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புப் பணியகம் அந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. தயாரிப்பாளர் கொடுத்ததாகவோ, காற்று வள வாரியம் அனுமதித்ததாகவோ இல்லாவிட்டால் ஃபெயில். சரி, அசல் மென்பொருளையே ஏற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய கையோடு, வண்டி தன்னைத் தானே சோதித்துக் குறித்து வைக்கும் ரெடினஸ் மானிட்டர்கள் பொதுவாக அத்தனையும் அழிந்து, முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். மறுநாள் காலையில் அவை தயாராக இருக்க வாய்ப்பே இல்லை.

இந்த மானிட்டர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த மாற்றமும் செய்யாத நேர்மையான ஆட்கள் கூட இங்கேதான் தோற்கிறார்கள். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர், டிபிஎஃப், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு, டர்போவின் அழுத்தம் என்று ஒவ்வொன்றையும் வண்டி தானே சோதித்து, முடிந்தது, முடியவில்லை என்று குறித்து வைத்துக்கொள்கிறது. 2007 முதலான டீசலில் இரண்டு மானிட்டர் வரை முடியாமல் இருக்கலாம். 1998 முதல் 2006 வரையிலான டீசலில் ஒன்று கூட நிலுவை இருக்கக் கூடாது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறதே என்று ஸ்கேனரால் கோளாறுக் குறியீட்டை அழித்தாலும், பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டினால் திரும்ப நிரம்பாது. குளிர்ந்த இன்ஜினில் கிளப்பி, ஃப்ரீவேயில் ஒரே சீரான வேகத்தில் நல்ல தூரம் போய், பிறகு ஊருக்குள்ளும் நின்று நின்று ஓட்டி, இப்படிச் சில நாள் செய்தால்தான் ஒவ்வொன்றாகத் தேறும்.

2010 மாடல் முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நிரந்தரக் குறியீடு என்று ஒரு வகை, ஸ்கேனரால் அழியாது. கோளாறு உண்மையிலேயே சரியாகி, வண்டியே மறுபடி சோதித்துத் திருப்தியடைந்தால்தான் போகும். 2019 ஜூலை முதல் அதையும் பார்க்கிறார்கள். குறியீடுகளை அழித்த பிறகு 15 முறை இன்ஜின் சூடாகி, 200 மைலும் ஓடியிருந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே ரிப்பேரோ, டீலரிடம் மென்பொருள் அப்டேட்டோ, பேட்டரி மாற்றமோ எதுவாக இருந்தாலும் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். 2013 முதல் 2019 வரையிலான கம்மின்ஸ் ராம் வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அந்த இன்ஜின்களின் புகைக் கட்டுப்பாட்டு மென்பொருள் குறித்த வழக்கில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த மென்பொருளைச் சரிசெய்யும் ரீகால் வேலை உங்கள் வண்டியில் முடிந்துவிட்டதா என்று டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

மாட்டிய சாமானுக்குக் காகிதம் இல்லாமை

மாற்றங்கள் எல்லாமே குற்றம் கிடையாது. சஸ்பென்ஷனை உயர்த்தலாம், பெரிய டயர் போடலாம். ஸ்மாக் செக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிபிஎஃப் போன்ற கடைசிக் கருவிக்குப் பின்னால் வரும் குழாயையும் சைலன்சரையும் மாற்றலாம். அதற்கு முன்னால் எதைத் தொட்டாலும், உதாரணமாகத் திறந்த ஏர் ஃபில்டர், வேறு டர்போ, ட்யூனர் என்றால், காற்று வள வாரியத்தின் அனுமதியைக் காட்டும் இ.ஓ. எண் வேண்டும். அந்த எண் எல்லா டிரக்குக்கும் பொது அல்ல. எந்த ஆண்டு, எந்த இன்ஜின் என்று வாரியத்தின் தளத்தில் பார்த்தால் தெரியும். 2012 வண்டிக்கு அனுமதித்த ஃபில்டர் 2016 வண்டியில் ஃபெயிலாகலாம். சாமானோடு ஒரு சின்ன ஸ்டிக்கர் வரும். அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பானெட்டுக்கு அடியில் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அதிகம் பேர் மறப்பது கிராங்க்கேஸ் மூச்சுக் குழாய், இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்பக் காற்று இழுக்கும் வழிக்கே அனுப்புவது. அந்த வழியில் எண்ணெய் படிகிறது என்று அதைப் பிடுங்கிச் சாலையைப் பார்த்துத் தொங்கவிடும் பழக்கம் இருக்கிறது. பத்து டாலர் ரப்பர் குழாய்தான், ஆனால் அதற்கும் ஃபெயில்தான்.

டிபிஎஃப் அடைத்துக்கொள்கிறது, இஜிஆர் தொல்லை தருகிறது என்பதெல்லாம் உண்மையான கஷ்டம், மறுக்கவில்லை. குறுகிய தூரமே ஓடும் டிரக்கில் வடிகட்டி சூடேறிக் கரியை எரித்து முடிக்க நேரம் கிடைப்பதில்லை. எரித்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜினை அணைத்துவிடுகிறோம். வாரம் ஒரு முறையாவது ஃப்ரீவேயில் நீளமாக ஓட்டுவது வடிகட்டி அடைக்கும் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். ஃப்ரெஸ்னோ இருக்கும் சான் வாகின் பள்ளத்தாக்கு மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி. குளிர்காலத்தில் மூடுபனி கவிந்தால் காற்று நகராது. அமெரிக்காவிலேயே மிக மோசமான காற்றுள்ள இடங்களில் அது ஒன்று. மொட்டைக் குழாயில் வெளியேறும் கரி எங்கும் போகாமல் அங்கேயே, பிள்ளைகள் விளையாடும் உயரத்திலேயே நிற்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

வாங்கும்போதே பார்க்காதது

கலிஃபோர்னியாவுக்குள் தனியாரிடம் வாங்கினால் ஸ்மாக் சான்றிதழ் கொடுக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. அது 90 நாள் செல்லும். “நீங்களே எடுத்துக்குங்க, விலையில கழிச்சுக்கறேன்” என்று சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது. வண்டியின் முந்தைய சோதனை வரலாற்றை வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தின் தளத்தில் நம்பர் பிளேட்டை வைத்தே பார்க்கலாம். வெளிமாநில வண்டிக்கு அந்த வரலாறு இருக்காது என்பதால், பணம் கொடுக்கும் முன் கீழே குனிந்து பார்த்தே ஆக வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் டெஃப் திரவத்தை ஊற்றும் மூடி இருந்தும் அந்தத் திரவத்தின் அளவு டாஷ்போர்டில் காட்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். டெயில்பைப் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக உள்ள வண்டியில் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும்.

நண்பர் டிபிஎஃப், அதன் சென்சார்கள், அசல் மென்பொருள் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட இரண்டு மாதம் ஆனது. செலவு, டிரக் வாங்கிய விலையில் கணிசமான பங்கு. வேலை முடிந்ததும் நேராக நிலையத்துக்குப் போகாமல், மூன்று வார இறுதிகள் பேக்கர்ஸ்ஃபீல்டு வரை போய்த் திரும்பினார். மானிட்டர்கள் நிரம்பிவிட்டனவா என்று ஸ்கேனரில் பார்த்துக்கொண்டு, நான்காவது சனிக்கிழமை அதே டெக்னீஷியனிடம் போனோம். அதே கண்ணாடி, அதே டார்ச். இந்த முறை அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஓபிடி கேபிளை எடுத்து வந்தார்.