ஆறரைக் கட்டையில் ஷூபர்ட்: கடைசி சொனாட்டாவைக் கேட்கும் முறை

பென்னாகரம் பக்கத்துக் கூத்து ஜமாக்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெட்டி வாசிக்கிறேன். எங்கள் ஊரில் ஆர்மோனியத்துக்குப் பெட்டி என்றுதான் பெயர். மேற்கத்திய இசையை யாரிடமும் பாடம் கேட்டதில்லை. ஆனால் வியன்னா இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட்டின் கடைசிப் பியானோ சொனாட்டாவை (நான்கு பகுதி கொண்ட நீண்ட படைப்பு) ஐந்து ஆண்டுகளாக விடாமல் கேட்டு வருகிறேன். ஸ்வரம் பிடிபடுகிற காது இருந்தால் போதும், இதற்குள் நுழைந்துவிடலாம். நான் நுழைந்த வழியைச் சொல்கிறேன்.

தயவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். நான் முதன்முதலாகக் கேட்டது தருமபுரியிலிருந்து பென்னாகரம் வரும் பஸ்ஸில். மெதுவான மெட்டு ஒன்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. இவ்வளவுதானா என்று நிறுத்திவிட்டேன். அந்த மெட்டு நின்ற இடத்தில் அடியில் ஒன்று நடந்திருக்கிறது. சின்ன ஸ்பீக்கரும் இன்ஜின் சத்தமும் அதை முழுங்கிவிட்டன. நல்ல ஹெட்போன் வேண்டும், சுற்றிலும் அமைதி வேண்டும். கூத்து முடிந்து வந்த விடியலில் நான் கேட்பதில்லை. மிருதங்கம் காதிலேயே இருக்கும். மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்து கேட்பேன்.

அடுத்து, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு இருந்தாலும் சரி. ஸட்ஜம் ஆறரைக் கட்டை. கட்டை என்பது எங்கள் சுருதிக் கணக்கு; மேற்கத்தியக் கணக்கில் C ஒரு கட்டை, ஆறரை B ஃப்ளாட். அதில் சங்கராபரண ராகத்தை ஒரு முறை ஏறி இறங்குங்கள். பஞ்சமம் நாலு கட்டையில் வரும், தைவதம் ஐந்து கட்டையில். இரண்டுக்கும் நடுவில் நாலரைக் கட்டை சும்மா கிடக்கும். அது சுத்த தைவதம். சங்கராபரணத்துக்கு ஆகாத ஸ்வரம். அந்தக் கட்டையை மட்டும் அழுத்தி, காற்று தீரும்வரை கேளுங்கள். சொனாட்டா முழுவதும் நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.

இப்போது இசையைப் போடுங்கள். நாலு எண்ணிக்கைத் தாளம். கையில் எண்ணிக்கொண்டே வாருங்கள். மிக மெல்லிய ஒலியில், பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களிலேயே நடக்கிற மெட்டு. எட்டாவது ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) பஞ்சமத்தில் வந்து நிற்கும்போது, பியானோவின் அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்கும். நாலரைக் கட்டையும் அதற்கு மேல் ஸ்வரமும் மாறி மாறி வேகமாக அதிர்ந்து பஞ்சமத்தில் அடங்கும். என் பெட்டியின் மூன்று ஸ்தாயிக்கும் கீழே இருக்கிறது அந்த ஒலி. பிறகு ஒரு மௌனம். மெட்டு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி தொடங்கும். கூத்தில் திரை பிடித்திருக்கும்போது வேஷக்காரர் உள்ளே நிற்பார், சலங்கை மட்டும் கேட்கும். இங்கே சலங்கை கேட்டுவிட்டது, திரை விலகவில்லை. இந்த ஒரு நிமிடத்தை மூன்று முறை கேட்ட பிறகே மேலே போங்கள்.

போனால் என்ன நடக்கிறதென்றால், அந்த வேண்டாத ஸ்வரமே சற்று நேரத்தில் ஸட்ஜமாகிவிடுகிறது. அதே மெட்டு நாலரைக் கட்டையில் ஒலிக்கிறது. நம் வித்வான்கள் கிரகபேதம் செய்வார்களே, அந்த ருசி. அடுத்த பெரிய மெட்டும் நாலரைக் கட்டையிலேயே, ஆனால் சோகமான சாயலில் தொடங்குகிறது.

ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் பகுதியின் தொடக்கப் பிரிவை இரண்டு முறை வாசிக்கும்படி ஷூபர்ட் எழுதியிருக்கிறார். திரும்புகிற இடத்துக்கென்றே ஒன்பது ஆவர்த்தனம் தனியாக இருக்கிறது. அங்கேதான் அந்த உறுமல் ஒரே ஒரு முறை முழு பலத்தோடு வெடிக்கிறது. பியானோ கலைஞர் ஆல்ஃபிரட் பிரெண்டல் திரும்ப வாசிப்பதில்லை. அது வேண்டாம் என்பது அவர் கட்சி. பெரிய மேதை, ஆனாலும் இதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வெடிப்பைக் கேட்டவனுக்குத்தான் மற்ற இடங்களில் அது அடங்கி வருவதன் பாரம் தெரியும். ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் திரும்ப வாசிக்கிறார், அதுவும் மிக மெதுவாக. முதல் பகுதிக்கு மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பொறுமை இருந்தால் அவரிடமே போங்கள். தேடும்போது ஷூபர்ட் என்ற பெயரோடு 960 என்ற பட்டியல் எண்ணையும் போட்டால் கிடைத்துவிடும்.

எழுதிய சூழலையும் தெரிந்துகொள்ளுங்கள். 1828 செப்டம்பரில் ஷூபர்ட் வியன்னாவின் புறநகரில் அண்ணன் ஃபெர்டினான்ட் வீட்டுக்குக் குடிபோனார். பல ஆண்டு நோயாளி. அந்த மாதம் 26ஆம் தேதி இதை முடித்தார். இதோடு சேர்ந்த மூன்று பெரிய சொனாட்டாக்களில் இது கடைசி. நவம்பர் 19ஆம் தேதி இறந்தார். வயது 31. அதற்கு முந்தைய ஆண்டுதான் பேத்தோவனின் இறுதி ஊர்வலத்தில் தீப்பந்தம் ஏந்தி நடந்திருந்தார். மூன்றையும் பியானோ கலைஞர் ஹம்மலுக்குச் சமர்ப்பிக்க நினைத்திருந்தார். 1839இல் அச்சேறியபோது ஹம்மலும் உயிரோடு இல்லை. பதிப்பாளர் அவருக்குப் பதிலாக இசையமைப்பாளர் ஷூமன் பெயரைப் போட்டார். சாவு தெரிந்து எழுதினார் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படிப் படவில்லை. அடுத்த வேலையை யோசித்துக்கொண்டிருந்த மனிதராகவே தெரிகிறார்.

இரண்டாம் பகுதியில் ஸட்ஜத்தை ஒன்றரைக் கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடது கை அந்த ஒரே ஸ்வரத்தைக் கீழிருந்து மேலே தாவித் தாவி, வலது கையையும் தாண்டித் தொடுகிறது. சுருதி போட்டதுபோல் அது நிற்க, நடுவில் பாட்டு நகர்கிறது. தொடக்க மெட்டு திரும்பி வந்தபின், சத்தமே இல்லாமல் ஸ்வரக்கூட்டம் ஒன்றாம் கட்டைக்கு வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். மூன்றாம் பகுதி துள்ளலானது, சிறியது. அதற்கு விளக்கம் தேவையில்லை.

நான்காம் பகுதிக்குப் பெட்டியைத் திறந்தே வையுங்கள். எடுத்த எடுப்பில் ஐந்து கட்டை தனியாக, மணி அடித்ததுபோல் வரும். மெட்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது திரும்ப வரும். கடைசியில் அந்த மணி ஐந்திலிருந்து நாலரைக்கு இறங்குகிறது. முதல் பகுதியில் அடியில் உறுமிய அதே சுத்த தைவதம். இப்போது மேலே, வெளிச்சத்தில். அங்கிருந்து நாலு. ஐந்து, நாலரை, நாலு: மூன்றையும் கூடவே அழுத்திப் பாருங்கள். நாலு வந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். அதற்குப் பின் வருகிற வேகத்துக்குப் பெட்டியால் ஈடுகொடுக்க முடியாது; சில நொடிகளில் முடிந்துவிடும்.